அவர் பேசுகிறாரா, அவர்கள் பேசுகிறார்களா? பிரெஞ்சு வினைகளோடு எங்கள் பாடு

புதுச்சேரியிலிருந்து:

என்னிடம் டியூஷனுக்கு வருகிறவர்களில் பலர் பள்ளியில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள். நிகழ்கால அட்டவணையை எழுதச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் திறன் தேர்வுக்குப் படிக்க வந்த ஒரு பெண்ணும் அப்படித்தான். ஓர் ஒலிப்பதிவைப் போட்டு, 'இல் பார்ல் தமூல்' என்று வந்த இடத்தில் நிறுத்தி, தமிழ் பேசுவது ஒருவரா பலரா என்று கேட்டேன். திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். "தெரியலையே மிஸ்" என்றாள்.

தெரியாதுதான். அந்த வாக்கியத்தை மட்டும் கேட்டால் பிரெஞ்சுக்காரருக்கும் தெரியாது. 'அவன்', 'அவர்கள்' இரண்டும் காதுக்கு ஒரே 'இல்'. 'பார்லே' (பேசு) என்ற வினையில் நான், நீ, அவன், அவர்கள் நாலுக்கும் காதில் விழுவது ஒரே 'பார்ல்'. எழுத்தில்தான் வேறுபாடு. "அப்ப பன்மைக்குக் கடைசியில அந்த ஈ, என், டி எதுக்கு மிஸ்? அதை விட்டதுக்கு மார்க் குறைச்சாங்களே!" என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

நியாயமான கோபம். புத்தகத்தில் ஆறு வரி, காதில் மூன்றே: பார்ல், பார்லோன் (நாங்கள்), பார்லே (நீங்கள்). பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது இந்தக் குடும்பம். நமக்கோ ஆள் யார் என்பது வினையின் கடைசியில் இருக்கிறது. 'பேசுறேன்' என்றால் போதும், 'நான்' வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் முன்னால் நிற்கும் 'ழெ'யை, அதாவது 'நான்' என்பதை, விழுங்கினால் வம்புதான். என் மாணவன் ஒருவன் தெருவில் ஒரு சொல்தா தாத்தாவிடம் (பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) தனக்கும் பிரெஞ்சு வரும் என்று காட்டிக்கொள்ள 'பார்ல் ஃப்ரான்ஸே' என்றிருக்கிறான். ஆள் இல்லாமல் சொன்னால் அது 'பிரெஞ்சில் பேசு' என்ற கட்டளை. "ஏன்டா தம்பி, தமிழ்ல பேசினா உனக்கு ஆகாதா?" என்று கேட்டாராம்.

அதனால் இப்போதெல்லாம் அட்டவணைக்கு முன்னால் காதுக்கு வேலை வைக்கிறேன். மற்றக் குடும்பத்து வினைகள் பலவற்றில் பன்மை வந்தால் கடைசியில் ஒரு மெய் முளைக்கும். ஒருவர் முடித்தால் 'இல் ஃபினி', பலர் முடித்தால் 'இல் ஃபினிஸ்'. ஒருவர் தூங்கினால் 'இல் தோர்', பலர் தூங்கினால் 'இல் தோர்ம்'. கிளம்பினால் 'பார்', 'பார்த்'. இதைக் காது பிடித்துவிட்டால் பயம் பாதி போய்விடும். எத்ர் (இரு), அவ்வார் (வைத்திரு), அலே (போ), ஃபேர் (செய்) நான்கும் மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

பாரிஸ், லாச்சப்பல்:

அக்கா, நீங்கள் சொல்லும் அட்டவணையை நான் கண்டதே பிந்தித்தான். நான் பிரெஞ்சு பழகினது ரெஸ்ரோறன்ற் குசினியில். முதலில் வாயில் ஏறின வினை 'ழாரிவ்'. வாறன் என்று அர்த்தம், ஆனால் சொல்பவர் அசைய மாட்டார். அடுப்பில் இரண்டு சட்டி, கையில் ஒன்று, வெளியிலிருந்து கூப்பிட்டால் 'ழாரிவ்!' நிகழ்காலத்தில் சொல்லிவிட்டு எதிர்காலத்தில் வருவார்கள். எங்கட ஆட்கள் 'இந்தா வந்திட்டன்' என்று இறந்தகாலத்திலேயே சொல்லிவிட்டு வராமல் நிற்பதைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரன் பரவாயில்லை.

எனக்குப் பெரிய கரைச்சல் தந்தது 'இல் ஸோன்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்: அவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இருக்கிறது. முன்னதில் சாதாரண ஸ். பின்னதில் தேனீ இரைகிற மாதிரி ஒரு ஸ். எங்கட நாக்குக்கு அந்த இரைச்சல் லேசில் வராது. புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்க்க என் கூட்டாளி ஒருவர் போனார், நானும் பக்கத்தில் இருந்தேன். இவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொல்ல வந்தவர் இரைச்சலை விட்டுவிட்டார். ரீச்சருக்குக் கேட்டது 'இவர்கள் இரண்டு பிள்ளைகள்'. அவ தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தா.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் வினை லேசில்லை. 'நீங்கள் செய்கிறீர்கள்', 'நீங்கள் சொல்கிறீர்கள்' என்பதற்கு என் மகள் சின்னதில் 'வூ ஃபெஸே', 'வூ திஸே' என்பாள். பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சரியானது 'வூ ஃபெத்', 'வூ தீத்'. 'வூ' வந்தால் வினை 'ஏ' என்று முடிய வேண்டும். அதற்குக் கட்டுப்படாதவை இந்த இரண்டும் 'வூ ஸெத்'தும் (இருக்கிறீர்கள்) மட்டும்தான். அப்படியென்றால் 'தீர்' (சொல்) குடும்பம் முழுக்க இப்படியா என்றால் இல்லை, 'தடுக்கிறீர்கள்' என்பதற்கு 'வூ ஸாந்தெர்திஸே'. ஏன் என்று கேட்டால் 'செ கொம் ஸா' என்பார்கள். அது அப்படித்தானாம்.

இங்கத்தைய 2024 குடிவரவுச் சட்டத்தின்படி 2026 ஜனவரி முதல் பத்து வருட வதிவிட கார்ட் முதல் தடவை எடுக்க பிரெஞ்சில் பி1 மட்டம், நஷனலிட்டிக்கு அதற்கு மேலான பி2 மட்டம் கேட்கிறார்கள். குசினிப் பிரெஞ்சு அதற்குக் காணாது. இருபது வருடமாக நல்லாய்க் கதைக்கிற அண்ணைமார் இப்ப எழுத்துக்காக அந்த ஈ, என், டியில் வந்து நிற்கிறார்கள்.

சென்னை:

கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சுக்குக் கூடுதலாக 50 புள்ளி வரை கிடைக்கும் என்பதால் டெஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வு எழுதினேன். அக்கா காதில் மூன்று என்றார்கள், பேச்சில் இரண்டுதான்! 'நாங்கள்' என்பதற்கு 'நூ'வைச் சொல்வதே அபூர்வம், எல்லாரும் 'ஒன்'. அதோடு 'அவன்' வடிவம் சேர்ந்தால் வேலை முடிந்தது. 'நூ பார்லோன்' போய் 'ஒன் பார்ல்'. 'நூ ஃபெஸோன்' போய் 'ஒன் ஃபே'. எழுத்துத் தேர்வுக் கடிதத்தில் மட்டும் 'நூ' போடுங்கள் என்று என் ஆசிரியை கண்டிப்பாகச் சொன்னார்.

மாண்ட்ரியல்:

தம்பி, இங்கே வந்தால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 'நீ' என்பதை 'ட்ஸு' என்கிறார்கள். அப்புறம் கேள்வி கேட்க வினைக்குப் பின்னால் இன்னொரு 'ட்ஸு' ஒட்டுகிறார்கள். 'இல் பார்ல் ட்ஸு ஃப்ரான்ஸே?' என்று யாரோ கேட்டபோது 'அவன்' எங்கே, 'நீ' எங்கே என்று முழித்தேன். அந்த 'ட்ஸு' நீ இல்லை, நம்ம 'ஆ'தான்: பேசுறானா, வர்றியா. 'நான் போகிறேன்' என்பதை 'ழெ வே' என்று படித்துவிட்டு வந்தால் தெருவில் 'ழெ வா' என்றும் காதில் விழும்.

அரசு நடத்தும் இலவச வகுப்பில் எங்கள் ஆசிரியை இதையெல்லாம் எழுதவிட மாட்டார், சிவப்பு மையில் அடித்துவிடுவார். இடைவேளை மணி ஆனதும் அவரே 'ஒன் ஈ வா ட்ஸு?' (போவோமா?) என்று எங்களைக் கிளப்பிக்கொண்டு காபிக்குப் போவார்.