பெலட் (எயார் ரைபிள் குண்டு) நிறுக்க எந்தத் தராசு நல்லது?

வணக்கம். மகள் பாடசாலை அணியில் 10 மீட்டர் எயார் ரைபிள் சுடுகிறாள். இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். அதனால் போட்டிக்கு முன் 4.5 மில்லிமீட்டர் பெலட்டுகளை நிறுத்துப் பிரித்து வைக்கிறோம். ஒன்று ஏறக்குறைய 0.53 கிராம்தான்.

புறக்கோட்டையில் வாங்கிய தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். ஒரே பெலட்டை மூன்று தரம் வைத்தால் 0.52, 0.54, 0.53. மின்விசிறியை நிறுத்தியும் பார்த்தாச்சு, சரிவரவில்லை. பின்விளிம்பு நசுங்கியதை முதலில் பொறுக்கி எறியச் சொன்னார் பயிற்றுநர். அதை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்துச் செய்கிறாள், பிள்ளை.

0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும், சரிபார்க்கும் படிக்கல்லோடு. செட்டியார் தெரு நகைக்கடைகளில் பாவிக்கிறது இதற்குத் தோதா? எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள்? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.