மாட்டுவண்டியின் மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றியதைப் பார்த்தவர்கள் உண்டா?

பட்டறைத் தெரு:
எனக்கு ஒன்பது வயது. தாத்தா வண்டிக்குப் புதுப் பட்டா. வேண்டுமென்றே சக்கரத்தைவிடச் சின்னதாக அடித்திருந்தார் ஆசாரி. பட்டாவைச் சுற்றி வறட்டி அடுக்கிக் கொளுத்தினார்கள். சிவந்ததும் நாலு பேர் குறடால் தூக்கிவந்து வைத்தார்கள், வட்டை (சக்கரத்தின் மர விளிம்பு) மேல் சட்டென்று உட்கார்ந்தது. மரம் புகைந்தது. வாளி வாளியாகத் தண்ணீர். அப்போது ஆரக்கால்கள் நடுக் குடத்துக்குள் ஒவ்வொன்றாக 'நறுக், நறுக்' என்று இறுகின. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு பரீட்சையில் "சூட்டில் துகள்கள் பருக்கும்" என்று எழுதி மார்க்கும் வாங்கினேன். அது சரிதானா?

செங்கோட்டை:
இல்லை. துகள் அதே அளவுதான், அதிர்வுதான் கூடுகிறது. திடப்பொருளில் அவை இடம் மாறாமல் நின்றபடியே ஆடுகின்றன. பக்கத்துத் துகளை நெருக்குவது கடினம், விலகுவது சுலபம். அதனால் ஆட்டம் கூடக்கூட சராசரி இடைவெளி வளர்கிறது. ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர்தான் நீளும். ஆனால் அஞ்சடிச் சக்கரத்தின் சுற்றளவு 4.7 மீட்டருக்கு மேல், சூடு 500 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர். உங்கள் ஆசாரிக்கு அது கைக்கணக்கு.

என் கதை சின்னது. வளையத்தைச் சூடாக்கினால் ஓட்டை சுருங்கும் என்று வகுப்பில் சண்டையே போட்டேன். வாத்தியார் சூடாக்கிக் காட்டினார். அதுவரை வளையத்துக்குள் நுழையாத உலோகக் குண்டு 'டொக்'கென்று உள்ளே விழுந்தது.

மதினி:
கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றினேன். அடி அப்படியே வட்டமாகக் கழன்று கையில் கொட்டியது. உள்பக்கம் விரிந்துவிட்டது, வெளிப்பக்கத்துக்குச் சூடே போய்ச் சேரவில்லை. தயவுசெய்து கனமான டம்ளர் வாங்காதீர்கள், மெல்லியதுதான் தாங்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் அலசுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடியில் ரசம் ஊற்றவே ஊற்றாதீர்கள். போரோசிலிகேட் (சூடு தாங்கும் கண்ணாடி வகை) என்று போட்டிருந்தால் நல்லது, சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும்.

செங்கோட்டை:
போரோசிலிகேட்டும் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும் அக்கா, அதை நம்பி அடுப்புத் தீயில் நேராக வைத்துவிடாதீர்கள்.

பட்டறைத் தெரு:
அப்போ அந்த 'நறுக்' சத்தம், விலகிப்போன துகள்கள் திரும்பி நெருங்கி மரத்தை இறுக்கினது. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் புரிகிறது.