வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கிறது: பாத்ரூம், கேமரா, வீடியோ பற்றி ஒரு கேள்வி

ஆதம்பாக்கம் வாசி

வணக்கம். எங்களுடையது ஆதம்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், மூன்றாவது மாடி. பொது பாத்ரூமிலிருந்து கீழ்வீட்டு சீலிங்கில் தண்ணீர் இறங்குகிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பழைய டைல்ஸை உடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, புதிதாக ஒட்டிவிடலாம் என்று போன வியாழக்கிழமை வேலையை ஆரம்பித்தோம். மேஸ்திரி காலையில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார், நாள் முழுக்க இருப்பது ஒரு கொத்தனார், இருபது வயதுத் தம்பி ஒருவர், ஒரு சித்தாள் அக்கா. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிஃப்டில் உடைசல் ஏற்றக் கூடாது என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டதால் அந்த அக்கா சிமென்ட் சாக்கில் அள்ளி மூன்று மாடி இறக்குகிறார், அதுவும் இந்தக் கத்திரி வெயிலில்.

முதல் நாள் பதினொரு மணிக்கு அவர் என் மாமியாரிடம் பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உடைத்துப் போட்டிருப்பது பொது பாத்ரூம், மிச்சம் இருப்பது எங்கள் படுக்கையறைக்குள் இருப்பது மட்டும்தான். அத்தை, கீழே வாட்ச்மேன் பாத்ரூமுக்குப் போகச் சொல்லிவிட்டார். அதற்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. சாயங்காலம் விஷயம் தெரிந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அத்தை சொல்வதையும் தள்ள முடியவில்லை, பீரோ அங்கேதான் இருக்கிறது, மாத்திரை, நாப்கின், காயப்போட்ட துணி எல்லாம் அந்த அறையில்தான். மறுநாளிலிருந்து அந்த அக்கா கேட்கவே இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரும் குடிப்பதில்லை என்பதை நேற்றுதான் கவனித்தேன்.

இன்னொன்று கேமரா. அத்தை ஒரு முறை வழுக்கி விழுந்ததிலிருந்து ஹாலில் சின்னதாக ஒரு வைஃபை கேமரா வைத்திருக்கிறோம், அதில் பேச்சும் கேட்கும். வெள்ளிக்கிழமை மதியம் அத்தை சாப்பிட்டாரா என்று பார்க்க ஆபீசிலிருந்து திறந்தேன். மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த அக்கா தன் மகள் வீட்டில் நடக்கும் ஒரு பிரச்சினையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். நான் கேட்டிருக்கவே கூடாத விஷயம் அது. உடனே மூடிவிட்டேன், ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேமரா இருப்பதை நாங்கள் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. இப்போது போய்ச் சொன்னால் சந்தேகப்பட்டு வைத்ததாக நினைப்பார்களோ?

அப்புறம் அந்தத் தம்பி வேலையை வீடியோ எடுத்திருக்கிறார், மேஸ்திரி அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதால்தான் எனக்குத் தெரிந்தது. பாத்ரூம் மட்டும் என்றால் பரவாயில்லை. வாசலிலிருந்து நடந்துகொண்டே எடுத்திருக்கிறார், ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவில் என் மகள் பள்ளிச் சீருடையில் இருப்பது, சட்டையில் பள்ளியின் பெயர், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நல்ல மனிதர்கள், மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? இன்னும் ஐந்தாறு நாள் வேலை இருக்கிறது.

ஓய்வுபெற்ற சைட் சூப்பர்வைசர்

முதலில் பாத்ரூமைத் திறந்துவிடுங்கள் அம்மா, மற்றதை அப்புறம் பேசலாம். முப்பது வருஷம் சைட்டில் நின்றவன் சொல்கிறேன், சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் காலையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டே இருப்பார்கள், அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நீர்க்கடுப்பு, மூத்திரப் பாதையில் கிருமி என்று அவஸ்தைப்பட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான சட்டத்தில் குடிதண்ணீரும் கழிப்பறையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் அது 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்கு. மூன்று பேர் வரும் உங்கள் வீட்டுக்கு அந்தச் சட்டம் வராது, அங்கே அந்தம்மாவுக்கு இருப்பது நீங்கள் மட்டும்தான்.

உங்கள் மாமியார் சொல்வதும் நியாயம்தான், அதற்கு வழி இருக்கிறது. காலையில் அரை மணி ஒதுக்கிக் காயப்போட்ட துணியை பால்கனிக்கு மாற்றுங்கள், மாத்திரை நாப்கின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகை வீட்டில் இருந்தால் வேலை முடியும் வரை பேங்க் லாக்கருக்கோ அம்மா வீட்டுக்கோ போகட்டும், இதை எந்த வேலை நடந்தாலும் செய்ய வேண்டும், அந்தம்மாவுக்காக அல்ல. கட்டில் மேல் ஒரு பழைய பெட்ஷீட், நடக்கும் வழியில் சாக்கு, ஏனென்றால் காலில் சிமென்ட் பால் இருக்கும். அவர் போகும்போது கதவைத் திறந்துவிட்டு நீங்களோ மாமியாரோ அறைக்கு வெளியே வந்துவிடுங்கள். உள்ளேயே நின்று காவல் காத்தால் மறுபடி கேட்க மாட்டார். ஆண்கள் கீழே போய்க்கொள்வார்கள், இருந்தாலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கீழே அந்த வாட்ச்மேன் பாத்ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்தால் கொத்தனாருக்குப் பத்து நிமிஷ வேலை. உங்கள் வேலை முடிந்த பிறகும் கீழே வேலைக்கு வரும் பெண்களுக்கு உதவும், பெருக்க வரும் அம்மா கூட அதைத்தானே பயன்படுத்துவார்?

வீடியோவைப் பற்றித் தம்பியிடம் பேச வேண்டாம், மேஸ்திரியிடம் பேசுங்கள். எடுக்கச் சொன்னது அவராகத்தான் இருக்கும், அவருக்கு அதுதான் விசிட்டிங் கார்டு, அடுத்த வேலை அதைப் பார்த்துத்தான் வரும். "பாப்பா போட்டோ தெரிகிறது, அதை மட்டும் எடுத்துவிடுங்கள், வேலை முடிந்ததும் பாத்ரூமை நன்றாகத் துடைத்துத் தருகிறேன், எத்தனை போட்டோ வேண்டுமானாலும் எடுங்கள்" என்று சொன்னால் கோபப்பட மாட்டார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். வீடியோ போனில்தான் இருக்கும், நாளைக்கே ரீல்ஸில் வரும். உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள், அதில் தப்பில்லை.

பெரம்பூர் எலக்ட்ரீஷியன்

நான் வீட்டுக்குள் போய் வேலை செய்கிறவன், பதினெட்டு வருஷமாக. கேமரா விஷயத்தைச் சொல்கிறேன். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். கேமரா இருப்பது எங்களுக்கு வருத்தம் இல்லை, பல நேரம் நிம்மதிதான். ஏன் என்றால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒரு வீட்டில் படுக்கையறை ஃபேன் மாற்றப் போனேன். பீரோ திறந்தே இருந்தது, அந்தம்மா சமையலறையில் இருந்தார்கள். வேலையை முடித்து அடுத்த வீட்டில் ஏணி மேல் நிற்கும்போது போன், உடனே வா என்று. மோதிரம் காணோம். டூல்ஸ் பையைத் தரையில் கொட்டச் சொன்னார்கள், சட்டைப் பையைக் காட்டச் சொன்னார்கள், வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்று பார்த்தார்கள். காட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து மோதிரம் வாஷிங் மெஷினில் கிடைத்திருக்கிறது, அதை எனக்குச் சொன்னது வாட்ச்மேன்தான், அந்த வீட்டிலிருந்து ஒரு போன் கூட வரவில்லை. அன்று அந்த அறையில் ஒரு கேமரா இருந்திருந்தால் என் பையைக் கொட்டியிருக்க வேண்டாம்.

அன்றிலிருந்து படுக்கையறை வேலை என்றால் யாராவது ஒருவர் வந்து நின்றால்தான் ஆரம்பிப்பேன். பீரோ திறந்திருந்தால் நானே மூடச் சொல்வேன். நீங்கள் பூட்டுவதை நாங்கள் அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டோம், பூட்டாமல் விட்டுவிட்டு அப்புறம் எங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் வலிக்கும்.

ஆனால் சாப்பிடும்போது பேசுவதைக் கேட்பது வேறு விஷயம். அந்த ஒரு மணி நேரம்தான் நாங்கள் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசுவோம். நான் போட்டுக் கொடுத்த வைஃபை கேமராக்களில் ஆப்பிலேயே சத்தத்தை மட்டும் நிறுத்தும் வசதி இருந்தது, உங்களுடையதிலும் செட்டிங்ஸில் மைக் அல்லது ஆடியோ என்று இருக்கிறதா பாருங்கள். 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட ஒருவர் தன் வீட்டுச் சொந்தத் தேவைக்கு வைத்திருப்பதைத் தொடாது என்று ஒரு கஸ்டமர், வக்கீல், அவர் சொன்னார். அதனால் நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் வந்து கேட்கப் போவதில்லை, எங்களுக்கும் தெரியப் போவதில்லை. அதனால்தான் சொல்லுங்கள் என்கிறேன்.

போட்டோ எல்லாமே தப்பும் இல்லை. வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியான டிபி பாக்ஸைத் திறந்தால் வயரைக் கழற்றும் முன் நான் ஒரு போட்டோ எடுப்பேன், திருப்பி மாட்டும்போது எந்த வயர் எங்கே என்று தெரிய வேண்டும் இல்லையா? கேட்டுவிட்டு எடுப்பேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, கேள்வியில் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் கேட் பக்கத்துக் குழாய் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்கள், வேலைக்கு வருபவர்களுக்கு என்று. தண்ணீர் கேட்டால் அதில்தான். நான் என் பாட்டிலைக் கொண்டு போக ஆரம்பித்தேன், அப்புறம் அந்த வீட்டுக்கே போவதில்லை. அந்த அக்காவுக்குத் தண்ணீரை அவர் கேட்பதற்கு முன்னால் கொடுங்கள், வீட்டு டம்ளரில் கொடுங்கள்.

தனியாக இருக்கிறேன், திருவான்மியூர்

மேலே இருவரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாத்ரூமைத் திறந்துவிடுங்கள் என்பதை எல்லோருக்குமான பதிலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இங்கே வீட்டில் மாமியார் இருக்கிறார், கேட்டது ஒரு பெண். நான் தனியாக இருக்கிறேன், வருவது பெரும்பாலும் ஆண்கள். நான் படுக்கையறைக் கதவை வெளியே பூட்டிவிடுவேன், வாசல் கதவை முழுக்கத் திறந்து வைப்பேன், வேலை முடியும் வரை அம்மாவுடன் போனில் இருப்பேன். அதற்காக நான் குற்ற உணர்ச்சி கொள்வதில்லை. யாராவது பாத்ரூம் கேட்டால் ஹால் பக்கம் இருப்பதைக் காட்டுவேன், அதில் என் பொருள் ஒன்றும் இருக்காது.

என்னை அதிகம் படுத்தியது போன் நம்பர்தான். ஏசி சர்வீசுக்கு ஆப் மூலமாக ஒருவர் வந்தார், நன்றாகவே செய்தார். அடுத்த முறை நேரடியாகக் கூப்பிடுங்கள், குறைத்துச் செய்து தருகிறேன் என்றார், கொடுத்தேன். மறுநாள் காலை வணக்கம், அதற்கு மறுநாள் என் வாட்ஸ்அப் புரொஃபைல் படம் நன்றாக இருக்கிறது என்று ஒரு செய்தி. வேலை தவிர வேறு எதற்கும் செய்தி அனுப்ப வேண்டாம் என்று ஒரே ஒரு வரி எழுதி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய்தேன். அந்த வரி முக்கியம். விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவில் குற்றம் (2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அதுதான் நடப்பில் இருக்கிறது), பயமாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181க்கும் கூப்பிடலாம். எனக்கு அதுவரை போகவில்லை. இப்போது வேலைக்காரர்களுக்குக் கொடுக்கத் தனி சிம் வைத்திருக்கிறேன். பணம் அனுப்பும்போதும் கவனியுங்கள், பலருடைய யுபிஐ ஐடியே போன் நம்பர்தான், வேறு ஐடி வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகள் போட்டோவைப் பற்றி: பள்ளிப் பெயரும் வீட்டு வாசலும் ஒரே வீடியோவில் இருக்கிறது. மனம் நோகுமா என்று யோசிக்க வேண்டிய இடம் இது இல்லை, இன்றே பேசுங்கள்.

பெரம்பூர் எலக்ட்ரீஷியன்

சகோதரி, நீங்கள் சொன்னது சரி. எங்கள் ஆட்கள் சிலர் அப்படிச் செய்வதால் ஒழுங்காக இருப்பவனுக்கும் வாசலிலேயே மரியாதை போய்விடுகிறது. வாசல் கதவு திறந்திருப்பது எங்களுக்கும் நல்லதுதான். ஆனால் எங்கள் நம்பரும் அப்படித்தான், ராத்திரி பதினொன்றரைக்கு டியூப்லைட் எரியவில்லை என்று கூப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். ஷாக் அடிக்கிறது, வயர் புகைகிறது என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம்.

ஆதம்பாக்கம் வாசி

எல்லோருக்கும் நன்றி. எழுதிய அன்றே மேஸ்திரியிடம் பேசினேன், அவர் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டு என் முன்னாலேயே அழிக்கச் சொன்னார். தம்பிக்கு முகம் வாடிவிட்டது, ஊரில் அம்மாவுக்குக் காட்டத்தான் வீடு முழுக்க எடுத்தேன் அக்கா என்றார். ஹால் போட்டோக்களை நானே கழற்றி உள்ளே வைத்துவிட்டேன், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பாத்ரூம் விஷயத்தில் அத்தையிடம் பேச ஒரு ராத்திரி ஆயிற்று. அவருக்கு அந்த அக்கா தண்ணீரே குடிக்காதது தெரியாது, சொன்னதும் வேறு எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை பத்தரைக்கு அத்தையே கதவைத் திறந்து, போய்விட்டு வாம்மா என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கீழே தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

கேமராவைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை பேசியது கொஞ்சம் என் காதில் விழுந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சத்தத்தை நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, எது வரைக்கும் கேட்டீர்கள் என்றார். சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று மதியம் மூன்று பேரும் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள், நேற்று மறுபடி ஹாலுக்கு வந்தார்கள். கேமராவை அத்தை அறைப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

நாளைக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கப் போகிறார்கள். கீழ்வீட்டில் சீலிங்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.