கூரையில் போடும் ஃபிளாஷிங்: ‘வழிதகடு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒன்ராறியோவில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்காக வீட்டுப் பராமரிப்புக் குறிப்புகள் எழுதிவருவது உங்களுக்குத் தெரியும். கூரை பற்றிய பகுதியில் ஒரே ஒரு சொல்லில் சிக்கி மூன்று வாரமாக நிற்கிறேன். அது ஃபிளாஷிங். கூரையைத் துளைத்துக்கொண்டு குழாய் வெளியே வரும் இடத்திலும், கூரை சுவரைத் தொடும் இடத்திலும், மழைநீர் உள்ளே இறங்காமல் இருக்கப் போடும் தகடு. கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், ‘ஒளிரும்’ என்று வந்தது.

இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டபோது, சென்ற வாரம் நீங்கள் தந்தவை நீர்த்தடுப்புத் தகடு, கசிவடைப்பான், காப்புத்தகடு ஆகிய மூன்றும். மூன்றும் நல்ல தமிழ்தான். ஆனாலும் ஏற்க மனம் வரவில்லை. ஏன் என்று சொல்ல எங்கள் வீட்டு ஒழுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கூரை இரும்புத் தகடு. சரிவு 45 பாகை. பனி தங்காமல் வழுக்கி விழட்டும் என்று அவ்வளவு செங்குத்தாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவின் நடுவே கழிவுக் குழாய்களுக்கான 3 அங்குலக் காற்றுக்குழாய் தலை நீட்டுகிறது. நாற்ற வாயு மேலே போகவும், தண்ணீர் பாயும்போது குழாய்க்குள் காற்று வரவும் அது வேண்டும். இல்லாவிட்டால் தொட்டிக்குக் கீழே வளைகுழாயில் நிற்கும் தண்ணீரை ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும், நாற்றம் வீட்டுக்குள் ஏறும். ஆகவே அந்த ஓட்டை கூரையில் இருந்தே ஆக வேண்டும்.

ஒரு பங்குனியில், பனி உருகத் தொடங்கியதும், குளியலறை உட்கூரையில் மஞ்சள் வட்டம் ஒன்று விழுந்தது. வேலையாள் ஒருவரை அழைத்தோம். ஏறினார், குழாயைச் சுற்றித் தார்ப் பசையை அப்பினார், “ஓட்டையை அடைச்சாச்சு” என்று இறங்கினார். அடுத்த பங்குனியில் அதே வட்டம் இரண்டு மடங்காக வந்தது.

என்ன நடந்தது என்பது அப்புறம்தான் விளங்கியது. இங்கே குளிர்காலத்தில் தகடு −25 பாகைக்குப் போகும், கோடை வெயிலில் 60 பாகையைத் தாண்டும். 6 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடு இந்த 85 பாகை வேறுபாட்டில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். குழாயோ வீட்டோடு கட்டிப்போட்டது, தகட்டோடு சேர்ந்து நகராது. இரண்டுக்கும் நடுவே இறுகிய தார் வெடிக்காமல் என்ன செய்யும்? அதைவிட மோசமானது இன்னொன்று. குழாயின் மேற்புறத்தில் குவித்த தார் ஒரு சின்ன அணைக்கட்டாகிவிட்டது. ஓடிப்போக வேண்டிய தண்ணீர், இலையும் பனிச்சேறுமாக அங்கே தேங்கி, பழைய திருகாணித் துளைகள் வழியே உள்ளே இறங்கியது.

இரண்டாவதாக வந்தவர் முகட்டில் கயிறு கட்டி, இடுப்பு வார் மாட்டிக்கொண்டு ஏறினார். நான் முற்றத்தில் நின்று அவர் செய்ததை எல்லாம் குறித்துக்கொண்டேன். தாரைச் சுரண்டி எடுத்துத் தகட்டைத் துடைத்தார். புதியது ஒரு ரப்பர்க் கூம்பு, அடியில் வளைந்துகொடுக்கும் சதுர அலுமினிய விளிம்பு. குழாயின் விட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் கூம்பின் வாயை வெட்டினார். அப்போதுதான் ரப்பர் இழுபட்டுக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். சோப்புத் தண்ணீர் தடவி அதைக் கீழே இறக்கினார். பிறகு அந்தச் சதுரத்தைத் திருப்பி, ஒரு மூலை நேரே முகட்டைப் பார்க்கும்படி வைத்தார். தட்டையான பக்கம் மேலே இருந்தால் நீர் மோதி நிற்கும், மூலை இருந்தால் இரண்டாகப் பிரிந்து ஓடும். விளிம்புக்கு அடியில் பியூட்டில் பட்டி என்ற ஒட்டும் ரப்பர் நாடா, மேலே ரப்பர் வளையம் போட்ட திருகாணிகள் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. தகட்டின் வரிமேட்டில் விளிம்பை அழுத்தி, அதன் வடிவத்துக்கே படியவைத்தார். தார் ஒரு துளியும் இல்லை. மூன்று குளிர்காலம் போய்விட்டது, சொட்டு விழவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இந்தத் தகடு நீரைத் தடுப்பதே இல்லை. நீரை வாங்கி, திசை திருப்பி, கீழே உள்ள தகட்டின் மேல் விட்டுவிடுகிறது. ஊரில் கிடுகு வேய்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். இறவாரத்தில் தொடங்கி மேலே மேலே வேய்வார்கள், மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் படியும். கிடுகுக்கிடையில் எத்தனையோ இடைவெளி, ஆனாலும் ஒழுகாது. அதே அறிவுதான் இந்தத் தகட்டிலும். ‘அடைப்பான்’ என்று பெயர் வைத்தால் வாசிப்பவர் பசைக் குழலைத் தூக்கிக்கொண்டு கூரை ஏறுவார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

முதலில் ‘வேய்தகடு’ என்று யோசித்தேன். ஆனால் அது கூரை முழுவதும் வேயும் தகட்டையே குறித்துவிடும். ஆகவே என் முன்மொழிவு வழிதகடு. நீர் தன் மேல் வழியும் தகடு. குடிநீர், சுடுகாடு போல வினைத்தொகை, எனவே த் மிகாது.

ரப்பர்க் கூம்புக்குத் தனிப் பெயர் வேண்டும். இங்கே அதை பூட் என்கிறார்கள், ‘சப்பாத்து’ என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. குழாயின் கழுத்தைப் பிடிப்பதால் ‘கழுத்துறை’ என்று வைத்தேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததும் களுத்துறை நகரம் நினைவுக்கு வந்தது! இலங்கை வாசகர் எல்லோருக்கும் அப்படித்தான் வரும். கைவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

------

> ஆகவே என் முன்மொழிவு வழிதகடு

அக்கா, வணக்கம். நான் கோவைப் பக்கம் தொழிற்கூடங்களுக்குத் தகரக் கூரை போடுகிறவன். எங்கள் ஆட்கள் வாயில் ஃபிளாஷிங்தான் வரும், அதை மாற்ற முடியும் என்று தோன்றவில்லை. ஆனால் எழுத்தில் ஒரு சொல் தேவை என்பது சரி.

மூன்று விஷயம். ஒன்று, ‘வடிதகடு’ இன்னும் எளிது இல்லையா? வடிகால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு, அச்சில் யாராவது ஒருவர் ‘வழித்தகடு’ என்று திருத்திவிடுவார். மூன்று, ரப்பர் குழாயைப் பிடிக்கும் இடத்தில் நிஜமாகவே அடைப்புதானே நடக்கிறது? அங்கே நீர் வழியவில்லையே.

கூம்புக்கு: கையுறை, காலுறை போலக் ‘கூம்புறை’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்றும் உங்கள் குறிப்பில் சேருங்கள். துத்தநாகம், அலுமினியம் பூசிய தகட்டில் ஈயத் தகட்டையோ செம்பையோ தொடும்படி வைக்கக் கூடாது, பூச்சு அரிக்கும். புளிப்பு வாடை வரும் சிலிக்கான் பசையும் அப்படித்தான்.

------

தம்பி, கூம்புறை அருமை. எடுத்துக்கொண்டேன். ஈயம் பற்றிய குறிப்பும் சேர்ந்துவிட்டது.

வடிதகடு பற்றி: சோறு வடிக்கிறோம், வடிதட்டு இருக்கிறது. கேட்டவுடன் துளை போட்ட தட்டுதான் கண்ணில் வரும். துளையே இருக்கக் கூடாத பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

வழித்தகடு என்று யாராவது திருத்தினால் ‘வழியில் உள்ள தகடு’ ஆகிவிடும். பொருள் கொஞ்சம் மாறினாலும் நீர் போகும் வழி என்ற எண்ணம் கெடாது. அந்தப் பயத்துக்காகச் சொல்லை விட எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நீங்கள் சொல்வது உண்மை. ரப்பர் வாயில் நடப்பது பிடிப்பும் அடைப்பும். வெயிலில் முதலில் வெடித்துக் கெடுவதும் அந்த இடம்தான். கீழ் விளிம்பில் நடப்பது வழிதல். ஒரே பொருளில் இரண்டு வேலை, ஆகவே இரண்டு சொல். இப்படிப் பதிந்திருக்கிறேன்:

வழிதகடு: கூரையில் குழாய், சுவர், புகைபோக்கி குறுக்கிடும் இடத்தில் நீரை வாங்கிக் கீழுள்ள கூரைப் பரப்பின் மேல் விடும் தகடு.

கூம்புறை: குழாயை இறுகப் பிடிக்கும் ரப்பர்க் கூம்பு. வழிதகட்டோடு சேர்ந்தே வரும்.

புழக்கத்துக்கு ஒரு வாக்கியம்: “கூம்புறை வெடித்திருந்தால் மாற்றுங்கள். வழிதகட்டின் மேற்புறத்தில் பசை அப்பாதீர்கள்.”

இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் போடுவதற்குக் ‘கூடல்வாய் வழிதகடு’ என்று எழுதியிருக்கிறேன். கூடல்வாய் என்ற சொல் கோவைப் பக்கம் கொத்தனார்களிடம் இன்னும் புழங்குகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.