பழைய ஹோண்டா சிவிக்: எந்த வருட மாடலைத் தவிர்ப்பது?

மூன்றாம்கியர்:

செகண்ட் ஹேண்டில் சிவிக் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வட அமெரிக்க மாடல், பெட்ரோல், ஆட்டோமேட்டிக். இணையத்தில் தேடினால் ஒருவர் 2006 பக்கமே போகாதே என்கிறார், இன்னொருவர் 2012 வேண்டாம் என்கிறார், மூன்றாவது ஆள் 2016-ஐத் திட்டுகிறார். இப்போது கைக்கு எட்டியிருப்பவை மூன்று:

2008, 1.8 லிட்டர், 1,90,000 கிமீ
2013, 1.8 லிட்டர், 1,40,000 கிமீ
2016, 1.5 டர்போ, 95,000 கிமீ

புகார் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் முதலாவதும் கடைசியும் அடிபடுகின்றன. அந்த எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்கலாமா? வருடத்தை எடைபோட வேறு வழி உண்டா?

பிளாக்ஹெட்:

எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். அதிகம் விற்ற வருடத்துக்கு அதிகம் புகார் வரும். பழைய வண்டிக்குப் புகார் சேர இத்தனை வருடம் கிடைத்திருக்கிறது, புதியதற்கு இன்னும் கிடைக்கவில்லை. போதாததற்கு, ப்ளூடூத் இணையவில்லை என்பதும் இன்ஜின் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த முக்கிய உலோகக் கட்டை) விரிசல் விட்டது என்பதும் அந்தக் கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான். என்ன பாகம் போனது, எத்தனை கிலோமீட்டரில் போனது, தொழிற்சாலை அந்தப் பாகத்தை எப்போது திருத்தியது என்று தேடுங்கள்.

உங்கள் 2008-க்கு இதுதான் முக்கியம். 2006, 2007, 2008 மாடல்களிலும் 2009-ன் ஆரம்ப வண்டிகள் சிலவற்றிலும் ஆர்18 எனப்படும் 1.8 லிட்டர் இன்ஜினின் அலுமினிய பிளாக்கில் வார்ப்புக் குறை உண்டு. நாளாக ஆக மயிரிழை விரிசல் விட்டு கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெளியே கசியும். ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மேல் பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போனால் வருகிற வெள்ளைப் புகை வராது, ஆயில் பால் நிறமாகாது. மட்டம் மெல்ல மெல்லக் குறையும், ஒரு நாள் சூடு ஏறி நிற்கும். ஹோண்டா இதற்கான வாரண்டியை 10 வருடமாக நீட்டியது, அந்தக் கெடு முடிந்து பல வருடமாகிறது. இனி போனால் வாங்கியவர் தலையில்தான். மேலே பூசி அடைக்கிற பசை வேலை நிலைக்காது, பிளாக்கையே மாற்ற வேண்டும்.

இங்கே 'மாடல் வருடம்' மட்டும் போதாது. 2009-ல் முகப்பு மாறியதைப் பார்த்துவிட்டு பிளாக்கும் மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. சேஸி எண்ணின் 10-வது எழுத்து மாடல் வருடத்தைச் சொல்லும்: 2008-க்கு 8, 2009-க்கு 9, 2010-க்கு 'ஏ', 2016-க்கு 'ஜி'. தயாரான மாதம் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் இருக்கும். பிறகு அந்தப் பழுதுக்காக நிறுவனம் வெளியிட்ட சர்வீஸ் புல்லட்டினை (மெக்கானிக்குகளுக்கான பழுது அறிவிப்பு) தேடி எடுங்கள். எந்தச் சேஸி எண் முதல் எந்த எண் வரை பொருந்தும் என்று அதில் போட்டிருக்கும். அந்த வரம்பின் கடைசி எண்தான் தொழிற்சாலை திருத்திய இடம். உங்கள் வண்டி அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பாருங்கள், வருடத்தைவிட அது துல்லியம்.

சோதனை இப்படி: இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியாக இருக்க வேண்டும். நீங்கள் போகும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அதை யாரும் நிரப்பி வைக்கலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கழுத்து வரை கூலன்ட் நிற்க வேண்டும். அடுத்து டார்ச் அடித்து பிளாக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் பாருங்கள். காய்ந்த கூலன்ட், உப்புப் பூத்த மாதிரி வெளிறிய கோடாக, சில சமயம் பச்சை அல்லது நீலச் சாயலோடு கீழ்நோக்கி ஓடியிருக்கும். இன்ஜினைப் புதிதாகக் கழுவி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கடைசியாக, மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டி சுமார் 15 பிஎஸ்ஐ ஏற்றி 20 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால், எங்கே ஈரம் என்று தேடுங்கள்.

பிளாக் மாற்றிய பில் கையில் இருந்தால் கதையே வேறு. மாற்றிய 2008, மாற்றாத 2008-ஐவிட நூறு மடங்கு மேல்.

ஆயில்மட்டம்:

2016 பற்றி நான் சொல்றேன். 2016-ல அதே பேருல ரெண்டு இன்ஜின் வந்துச்சு, 2.0 சாதாரணம், 1.5 டர்போ. ரெண்டுக்கும் பிரச்சினை வேற வேற, அதைக் கலந்து பேசித்தான் குழப்பம்.

1.5 டர்போவுல பெட்ரோல் ஆயிலோட கலக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன், குளிர்ந்த இன்ஜின்ல கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் அடிக்கும். எரியாதது சிலிண்டர் சுவர் வழியா பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே ஆயில் தேங்கியிருக்கிற சம்ப்புக்கு இறங்கிடும். நல்லா சூடேறி அரை மணி ஓடினா அந்தப் பெட்ரோல் ஆவியாகி வெளியேறிடும். குளிர் பிரதேசத்துல, அஞ்சு நிமிஷம் ஓட்டி அணைக்கிற வண்டியில அது வெளியேற வழியே இல்ல, தங்கிடும். ஃபில்டரோட சேர்த்தே 3.2 லிட்டர் ஆயில்தான் இதுக்கு, அதனால கொஞ்சம் கலந்தாலும் ஆயில் தண்ணியாயிடும். 2016 முதல் 2018 வரை மாடல்களுக்கு ஹோண்டா வாரண்டி நீட்டிச்சு, சாஃப்ட்வேர் திருத்தமும் கொடுத்துச்சு. அந்த அப்டேட் போட்டாச்சான்னு சர்வீஸ் ரெக்கார்டுல பாருங்க.

பார்க்கிற விதம் சுலபம். டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கிற குச்சி) உருவித் துடைச்சு மறுபடி விட்டு எடுங்க. மட்டம் மேல் குறியைத் தாண்டி இருந்தா, "ஆயில் குறையவே இல்ல, நல்ல இன்ஜின்"னு சந்தோஷப்படாதீங்க. அதுதான் பழுது. மூக்குகிட்ட வச்சா பெட்ரோல் வாடை அடிக்கும். விரலுக்கு நடுவுல தேய்ச்சா வழவழப்பு இல்லாம ஓடும். இன்னொரு அறிகுறி, ஹீட்டர் போட்டா சூடு வர ரொம்ப நேரம் எடுக்கும். அதே 95,000 கிமீ நெடுஞ்சாலையில ஓடியிருந்தா எனக்குப் பயமே இல்ல. தெருமுனைக்கும் வீட்டுக்கும் ஓடினதா இருந்தா வேண்டாம்.

ஏசி கண்டென்சரும் (முன் கிரில்லுக்குப் பின்னாடி ஏசி கேஸைக் குளிர்விக்கிற பாகம்) இந்த மாடல்களோட பலவீனம். குழாய்ல ஊசித் துளை விழுந்து கேஸ் போயிடும். இதுக்கும் 10 வருஷம் வரை வாரண்டி நீட்டிப்பு இருந்துச்சு, 2016 வண்டிக்கு முதல் விற்பனைத் தேதியைப் பார்க்காம அதை நம்ப முடியாது. முன் கிரில்லுக்குள்ள டார்ச் அடிச்சு எண்ணெய்ப் பிசுக்கு திட்டு இருக்கான்னு பாருங்க.

2.0 எடுக்கிறவங்களுக்கு ஆயில் கலப்புத் தொல்லை இல்ல. ஆனா 2016 2.0 வண்டிகள்ல பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சர்கிளிப் (சின்ன வளையக் கிளிப்) போடாம விட்டிருக்கலாம்னு ஒரு ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கிறது) இருந்துச்சு. முடிச்சிருக்காங்களான்னு சேஸி எண்ணைப் போட்டுச் சரிபாருங்க.

மூன்றாம்கியர்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் 2013 தான் பாதுகாப்பா? 2012, 2013 தலைமுறையையே சிலர் கழித்துக்கட்டுகிறார்களே, அதுதான் புரியவில்லை. புதுத் தலைமுறையின் முதல் வருடத்தைத் தவிர் என்றும் சொல்கிறார்கள்.

பிளாக்ஹெட்:

2012-ஐத் திட்டியது பெரும்பாலும் உட்புறத்துக்காக. மலிவான பிளாஸ்டிக், சத்தம். விமர்சனம் பலமாக வந்ததால் 2013-லேயே திருத்தினார்கள். இயந்திரக் கோளாறு அல்ல அது.

முதல் வருட விதி பாதி உண்மை. அந்த வருடம் புதிதாக வந்த பாகம் எது என்று கேளுங்கள். 2006-ல் புதிதாக வந்தது ஆர்18 இன்ஜின், அதில்தான் பிளாக் விரிசல். 2016-ல் புதிதாக வந்தவை டர்போ இன்ஜினும் 2.0-வும், பிரச்சினையும் அங்கேயே. 2012 உடல் புதிது, ஆனால் பானட்டுக்குக் கீழே திருத்தப்பட்ட அதே ஆர்18, அதே 5 கியர் ஆட்டோமேட்டிக். அதனால்தான் முதல் வருடமாக இருந்தும் இன்ஜின் பக்கம் பெரிய புகார் இல்லை. 2014-ல் அந்த 5 கியர் ஆட்டோமேட்டிக் போய் சிவிடி (தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வந்தது. அந்த வருடத்தில் ஒரு வண்டி வந்தால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய ரெக்கார்டு இல்லாமல் எடுக்காதீர்கள்.

உங்கள் 2013-க்கு நான் கியர்பாக்ஸைத்தான் பார்ப்பேன். இன்ஜின் சூடான பிறகு 40 முதல் 70 கிமீ வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்து ஓட்டுங்கள். சாலையோர அதிர்வுப் பட்டைமேல் டயர் ஏறியது போல ஒரு நடுக்கம் வந்தால், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக் ஆகும்போது ஆயில் தேய்ந்துபோய் நழுவுகிறது என்று அர்த்தம். பல நேரம் ஆயில் மாற்றினால் சரியாகும். ஒருமுறை வடித்தால் சுமார் இரண்டரை லிட்டர்தான் இறங்கும், மீதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே ஹோண்டாவின் டிடபிள்யூ-1 ஆயிலை ஊற்றி, ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, மூன்று தடவை செய்ய வேண்டும். அப்படியும் நடுக்கம் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஆயில்மட்டம்:

ஒண்ணு விட்டுப் போச்சு. 2008-ஐ எடுக்கிறதா இருந்தா பிளாக்குக்கு முன்னாடியே டகாட்டா நிறுவனம் செஞ்ச ஏர்பேக்குக்கான ரீகால் முடிஞ்சுதான்னு பாருங்க. 2001 முதல் 2011 வரை சிவிக் வண்டிகள் அதுல வரும். வயசாக ஆக, ஈரமும் சூடும் பட்ட இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊத வைக்கிற பாகம்) வெடிக்கிறப்போ உலோகச் சில்லு முகத்துல தெறிக்கும், உயிர் போயிருக்கு. மாத்தாத வண்டியை டெஸ்ட் டிரைவ் கூட எடுக்காதீங்க. மாத்துறது இலவசம், விற்கிறவரே முடிச்சுக் கொடுக்கட்டும்.