கரண்டி நுனியில் அந்த வெள்ளைத் தூள்

எங்கள் ஆபீஸ் தெருமுனையில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு எக் ரைஸ், கூடவே கோபி மஞ்சூரியன், வாரத்தில் இரண்டு நாளாவது எனக்கு இதுதான். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் பிடரியில் சூடு ஏறும், கன்னம் இழுத்துப் பிடிக்கும், நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும், அப்புறம் விடிய விடியத் தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காது. உப்பு டப்பாவுக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து மாஸ்டர் கரண்டி நுனியில் அள்ளிப் போடுகிற அந்த வெள்ளைத் தூள், அதாவது எம்.எஸ்.ஜி. (மோனோசோடியம் குளூட்டமேட் என்ற சுவைகூட்டி), அதுதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதே தட்டில் பங்கு போட்ட நண்பன் குத்துக்கல்லாட்டம் இருந்ததை அப்போது கண்டுகொள்ளவில்லை.

பிறகு கொஞ்சம் படித்தேன். 1968-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற டாக்டர், சீன ஹோட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். படித்தபோது என்னைப் பார்த்து எழுதிய மாதிரியே இருந்தது. ஆனால் அவர் எம்.எஸ்.ஜி.யோடு சேர்த்து சோயா சாஸ், சமையல் ஒயின், உப்பு எல்லாவற்றையும்தான் சந்தேகப்பட்டார். பழி மட்டும் எம்.எஸ்.ஜி. தலையில் விடிந்தது. சாப்பாடு இல்லாமல் எம்.எஸ்.ஜி. 3 கிராமோ அதற்கு மேலோ உள்ளே போனால் சிலருக்குத் தலைவலி, மரமரப்பு வரலாம், அது சேர்த்த ஒரு பண்டத்தில் ஒருதடவை பரிமாறும் அளவில் பொதுவாக அரை கிராம்கூடத் தேறாது என்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தக்காளியிலும் குளூட்டமேட் இருக்கிறதாம். ரசம் குடித்து எனக்கு ஒருநாளும் தலை வலித்ததில்லையே!

என் மனைவிக்கு இதெல்லாம் போதவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே எக் ரைஸ் செய்தாள், ஒருநாள் தூள் போட்டு, ஒருநாள் போடாமல், எது எந்த நாள் என்று எனக்குச் சொல்லாமல். இரண்டாவது வாரம் சாப்பிட்டு எழுந்ததுமே பிடரியைத் தடவிக்கொண்டு, "இன்னைக்குப் போட்டுட்டே" என்றேன். "போன வாரம்தாங்க போட்டேன்" என்றாள். இந்த வாரம்தான் சோயா சாஸ் பாட்டில் கை தவறி நிறையக் கொட்டிவிட்டதாம்.

இரண்டே தடவை பார்த்ததை வைத்து யாருக்கும் எதுவும் வராது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இப்போது வண்டியில், "அண்ணே, சாஸைக் குறைச்சுப் போடுங்க" என்கிறேன், தாகம் குறைந்திருக்கிறது. ஆனாலும் கரண்டி எந்த டப்பாவுக்குப் போகிறது என்று இன்னமும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.