டெக்சாஸ் துப்பாக்கிச் சட்டம்: 2027 கூட்டத்தொடரில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?

கேட்டிவாசி:

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்த வருடம் ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் எனக்குக் கடைசிப் பெயர். அந்தக் குழப்பமோ என்னவோ, பின்னணிச் சோதனையில் 'டிலேய்ட்' என்று வந்து, மூன்று வேலை நாள் கழித்துத்தான் கையில் கிடைத்தது. அடுத்த மாதமே வகுப்புக்குப் போய், கைத்துப்பாக்கியைக் கூடவே எடுத்துப் போக மாநிலம் தரும் எல்டிசி லைசன்ஸ் எடுத்தேன். 3, 7, 15 கஜத் தூரங்களில் 50 தோட்டா சுட வேண்டும். 250-க்கு 231 வாங்கினேன். அந்த லைசன்ஸ் இருந்தால் அடுத்த முறை கடையில் படிவம் நிரப்பினால் போதும், அந்தச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்.

மாநிலச் சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12-ல் தலைநகர் ஆஸ்டினில் தொடங்குகிறது. சுட்டுப் பழகும் ரேஞ்சில் இப்போதே இதுதான் பேச்சு. 2021-ல் ஹவுஸ் பில் 1927 என்ற எண்ணுள்ள சட்டம் வந்தபோது, சட்டப்படி தடை இல்லாத 21 வயதுக்காரர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்றாகிவிட்டது. 2025-ல் குழல் குட்டையான துப்பாக்கிகளை மாநிலத்தின் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இனி இன்னும் நாலு இடத்தில் அனுமதி வேண்டும் என்பது மற்றவர்களின் ஆசை. என் ஆசை, துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று வாசலில் ஒட்டுகிற அறிவிப்பைப் பற்றியது.

போன வருடம் ஒரு ராத்திரி மாமனாருக்கு நெஞ்சு வலி. அவசரத்தில் இடுப்பில் துப்பாக்கி இருந்த ஹோல்ஸ்டரை, அதாவது உறையை, கழற்றத் தோன்றவில்லை. ஒரு மருத்துவமனையின் எமர்ஜென்சி வாசலில் காரை நிறுத்தி, சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். பத்து நிமிடம் கழித்துக் குனிந்து அவர் செருப்பைக் கழற்றும்போது சட்டை மேலே ஏறியிருக்கிறது. காவலாளி அருகில் வந்து, "சார், கதவில் எழுதியிருக்கிறதே" என்றார், மரியாதையாகத்தான். வெளியே வந்து பார்த்தேன். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. அறிவிப்பை ஒட்டியிருப்பது நகர்கிற கண்ணாடியில். ஆள் பக்கத்தில் வந்ததும் அது நகர்ந்து பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறது. உள்ளே நுழைகிறவன் கண்ணில் அது படவே படாது.

அப்புறம் காருக்குப் போய்த் தோட்டாவை எடுத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ராத்திரி முழுக்க மாமனாரைப் பற்றி ஒரு கவலை, நாலாவது மாடி பார்க்கிங்கில் நிற்கிற காரைப் பற்றி இன்னொரு கவலை. ஹூஸ்டனில் கார் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கியைத் தூக்கிப் போவது அடிக்கடி நடப்பது.

டெக்சாஸில் இந்த அறிவிப்புகளைச் சட்டப் பிரிவு எண்ணால் சொல்வார்கள்: 30.05 என்பது லைசன்ஸ் இல்லாதவருக்கு, 30.06 என்பது லைசன்ஸோடு மறைத்து வைத்திருப்பவருக்கு, 30.07 என்பது லைசன்ஸோடு வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு. மதுவில் பாதிக்கு மேல் வருமானம் வருகிற இடத்தில் சிவப்பில் '51 சதவீதம்' என்ற அறிவிப்பு. ஒரு அங்குல எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு பத்தி நீளத்துக்கு வாசகம். 30.06-ஐ மீறி நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். வாயால் சொல்லியும் வெளியேறாவிட்டால் கிளாஸ் ஏ குற்றம், சிறை வரை போகும். 51 போட்ட இடத்தில் மாட்டினால் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே அறிவிப்பு, எட்ட நின்றே புரிகிற படம், நகராத சுவரில் கண் உயரத்தில். மருத்துவமனை மாதிரி இடங்களில் வாசலிலேயே பூட்டுப் பெட்டி. நீங்கள் எதைக் கேட்பீர்கள்? சட்டமன்றக் குழு முன்னால் யாராவது நேரில் பேசியிருக்கிறீர்களா?

ஆஸ்டின்_பழசு:

இரண்டு முறை பேசியிருக்கிறேன். இங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 140 நாள்தான் கூட்டம், அதனால் காலண்டர் முக்கியம். முன்கூட்டியே மசோதா தாக்கல் செய்வது 2026 நவம்பர் 9-ல் தொடங்கும். பொது மசோதாக்களுக்குக் கடைசி நாள் மார்ச் 12. ஜனவரியில் போய் உங்கள் உறுப்பினரைப் பார்த்தால் "நல்ல யோசனை, அடுத்த முறை பார்க்கலாம்" என்பார்கள். இந்தக் கோடையிலேயே தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள். மசோதா எழுத ஆள் வேண்டும், அதுதான் முதல் வேலை.

குழுவில் பேச முன்பதிவெல்லாம் இல்லை. அன்றைக்குச் சட்டமன்றக் கட்டடமான கேப்பிட்டலுக்கு நேரில் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், அதற்காகச் சில நாள் நள்ளிரவு வரை உட்கார வேண்டியிருக்கும். ஹவுஸ் குழு என்றால் இணையத்திலும் கருத்து எழுதலாம். ஆனால் நேரில் சொல்வதற்குக் கனமே வேறு. எல்டிசி வைத்திருப்பவர்களுக்குக் கேப்பிட்டல் வாசலில் உள்ளே நுழையத் தனி வரிசை உண்டு.

எச்1பி_காத்திருப்பு:

அண்ணா, இதையும் கேட்டுவிடுகிறேன். நான் எச்-1பி. நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். 2027-ல் மாநிலச் சட்டம் மாறினால் எங்களுக்கும் வழி பிறக்குமா?

கேட்டிவாசி:

தம்பி, பிறக்காது. இது ஒன்றியச் சட்டம், ஆஸ்டினில் மாற்ற முடியாது. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் சேரும். விலக்குகளில் நமக்குப் பயன்படுவது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். டெக்சாஸில் 2019 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட லைசன்ஸ் வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். அது மாநில விதி. அதை நம்பி இறங்காதீர்கள். ஒன்றியச் சட்டத்துக்கு லைசன்ஸ் இருந்தே ஆக வேண்டும். குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். நான் ஒன்பது வருடம் தொடாமல்தான் இருந்தேன்.

பிளேனோ_அம்மா:

கேட்டிவாசி தம்பி, அறிவிப்புப் பலகை சரி. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருக்கிறது. எங்கள் வீட்டிலும் துப்பாக்கி உண்டு, கணவருடையது. மகன் நண்பன் வீட்டில் ராத்திரி தங்கப் போனால், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே பூட்டியிருக்கிறீர்கள்" என்று கேட்காமல் அனுப்ப மாட்டேன். முதல் தடவை கேட்கும்போது நாக்கு கூசியது. இப்போது பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டுவிடுகிறேன்.

நம் சட்டத்தில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கிடைத்த பிறகுதான் குற்றம். அதுவும் பெரும்பாலும் கிளாஸ் சி என்ற சின்னக் குற்றம். வெடித்து யாராவது இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோதான் கிளாஸ் ஏ. பிள்ளை இருக்கிற வீட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்கிற சட்டம் வேண்டும். வயது விஷயமும் இருக்கிறது. 2023 மே 6-ல் ஆலன் மாலில் 8 பேர் இறந்தார்கள். என் வீட்டிலிருந்து பக்கம்தான். இரண்டு நாள் கழித்து, செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்க 21 வயது என்ற மசோதா குழுவில் 8-க்கு 5 என்று தேறியது. முழு அவைக்கு வரவே இல்லை. 2022 பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகளை இழந்த யுவால்டி பெற்றோர்கள் அதற்காக எத்தனை முறை கேப்பிட்டல் படி ஏறினார்கள்!

கேட்டிவாசி:

அக்கா, பூட்டு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். புதுக் கைத்துப்பாக்கியோடு கடையில் ஒரு கேபிள் பூட்டு தருகிறார்கள். பலர் வீட்டில் அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தற்காப்புக்கு வைத்திருப்பவர் விரல் வைத்ததும் திறக்கிற பெட்டியில் வைப்பதையும் சட்டம் பூட்டியதாக ஏற்க வேண்டும். இல்லையென்றால் ரேஞ்சில் ஒருவர்கூட ஆதரிக்க மாட்டார்.

21 வயது பற்றி ரேஞ்சில் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன். லைசன்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துப் போக 21 என்று ஹவுஸ் பில் 1927-ல் எழுதியதை நாம் ஏற்றுக்கொண்டோம். அந்த ரைஃபிளுக்கும் அதே வயது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சான்ஹோசே_மாமா:

கலிபோர்னியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே வாங்கினால் பத்து நாள் காத்திருப்பு. 2024 ஜூலை 1 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதத் தனி வரி. என் எதிர்பார்ப்பு அந்த வரி போவது. வாரம் 100 தோட்டா சுட்டுப் பழகியவன், இப்போது மாதம் 100. பழக்கம் குறைந்தால் கை தடுமாறும், அது யாருக்கும் பாதுகாப்பு இல்லை. கேட்டிவாசி, உங்களுக்கு எங்கள் தலைநகர் சாக்ரமென்டோ இல்லை, ஆஸ்டின் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

கேட்டிவாசி:

கேட்கிறேன் மாமா. தொகுதி அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டேன், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமனார் இப்போது நன்றாக இருக்கிறார். செக்கப்புக்கு அவரை அழைத்துப் போன அன்று அந்தக் கதவை இரண்டு படம் எடுத்தேன், மூடியிருக்கும்போது ஒன்று, திறந்திருக்கும்போது ஒன்று. இரண்டையும் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோகிறேன். பிளேனோ அக்கா, பூட்டு பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் அதையும் கொடுத்துவிட்டு வருகிறேன்.